குடியிருப்போர் சங்கச் செய்திக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், பொதுக்குழு என்றைக்கு, பூங்காவைச் சுத்தம் செய்ய எங்கே கூடவேண்டும். புறநகர்க் குடியிருப்போர் சங்கம் ஒன்று உறுப்பினர்களிடம் சொல்லவேண்டியவை பெரும்பாலும் இந்த வகைச் சேதிகள்தான். இவற்றைச் சொல்ல ஒரே ஒரு வாட்ஸ்அப் குரூப்பை வைத்துக்கொண்டிருக்கும் சங்கங்களில், பல குரூப்புகளை ஒன்றாகக் கட்டும் கம்யூனிட்டிக்கு மாறலாமா என்ற பேச்சு ஒருநாள் செயற்குழுவில் எழும். மாறலாம். தபால்காரர் வேலைக்கு அது மிகப் பொருத்தம். பதிவேடாகவும் நாள்காட்டியாகவும் அதையே நம்பினால்தான் சிக்கல். இந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல இருக்கும் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒற்றைக் குரூப்பின் கோளாறு எல்லோருக்கும் தெரிந்ததே. காலை பத்து மணிக்குத் தண்ணீர் நிறுத்தம் பற்றி அறிவிப்பு வரும். அதற்கு மேல் இருபது ‘நன்றி’, பத்து கைகூப்பு, நடுவில் ஒரு வீடியோ. வேலை முடிந்து மாலை திரும்புகிறவர் நூற்றுக்கு மேல் படிக்காத செய்திகளைப் பார்த்துவிட்டு, தேடாமல் நேரே கேட்பார்: தண்ணீர் எப்போது வரும்? நாலு பேர் நாலு விதமாகப் பதில் சொல்வார்கள். முதல் அறிவிப்பு சரியாகவே இருந்தாலும் கடைசியில் நிலைப்பது தவறான பதில்தான்.

கம்யூனிட்டி 2022 நவம்பரில் பரவலாக வந்தது. ஒரு குடைக்குக் கீழே பல குரூப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அறிவிப்புக் குரூப். அதில் அறிவிப்பு போட கம்யூனிட்டி அட்மின்களால் மட்டுமே முடியும். உட்குரூப் எதில் இருப்பவரும் தானாகவே அறிவிப்புக் குரூப்பிலும் இருப்பார். 2024 மே முதல் அறிவிப்புக்கு உறுப்பினர்கள் பதில் எழுதும் வசதியும் வரத் தொடங்கியது. அந்தப் பதில்கள் அறிவிப்புக்கு அடியில் ஒன்றாகச் சுருண்டு நிற்கும். மற்றவர் கைப்பேசியில் மணியடிக்காது. பத்து மணிச் சேதி மாலையிலும் கண்ணில் படுகிறது. மாறுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எண்ணின் மறைவு. அறிவிப்புக் குரூப்பில் உங்கள் எண் அட்மின்களுக்கும், ஏற்கெனவே அதைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். இரண்டு, வீடு மாறிப் போனவரை நீக்குவது. கம்யூனிட்டியிலிருந்து நீக்கினால் உள்ளே இருக்கும் எல்லா உட்குரூப்பிலிருந்தும் அவர் ஒரே தட்டில் வெளியேறுவார். தனித்தனிக் குரூப்புகளாக இருந்த காலத்தில், போய் இரண்டு வருடம் ஆனவர்கள் காவல் சம்பந்தமான குரூப்பில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பது சாதாரணம். சங்கத்தின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது வசதியைத்தான் அதிகம் மதிக்கவேண்டும்.

ஆனால் எண்ணின் மறைவு அறிவிப்புக் குரூப்போடு நின்றுவிடும். உட்குரூப்பில் சேர்ந்த கணமே அங்கிருக்கும் எல்லோருக்கும் எண் தெரியும். சேரும் முன்பே இதை எழுதிச் சொல்லிவிடுங்கள். கம்யூனிட்டி அட்மின் என்பதாலேயே, தான் சேராத உட்குரூப்பில் நடக்கும் பேச்சை ஒருவரால் படிக்கவும் முடியாது. ‘குரூப்பில் போட்டேன், சங்கம் கண்டுகொள்ளவில்லை’ என்ற மனக்கசப்பு பல நேரம் இங்கேதான் பிறக்கிறது. புகார் குரூப் ஒவ்வொன்றிலும் செயற்குழுவில் ஒருவராவது உறுப்பினராக இருக்கவேண்டும். இருக்கிறார் என்பது குரூப் விவரத்தில் பெயரோடு எழுதியிருக்கவேண்டும்.

அமைக்கும்போது

முதலில் எண். செயலாளரின் சொந்த எண்ணில் கம்யூனிட்டியைத் தொடங்குவது பின்னால் வரும் தகராறுகளுக்கு வித்து. சங்கத்தின் பெயரில் தனி சிம் வாங்குங்கள். ஏற்கெனவே வாட்ஸ்அப் இருக்கும் கைப்பேசியிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவி, அதில் இந்தச் சங்க எண்ணைப் பதிவுசெய்யலாம். பதிந்த கையோடு இரட்டைச் சரிபார்ப்பில் ஆறு இலக்க எண்ணை அமைத்து, மீட்பு மின்னஞ்சலாகச் சங்கத்தின் முகவரியைக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் எண்ணைப் பதிவுசெய்ய வரும் குறுஞ்செய்திக் குறியீட்டை ஏமாற்றி வாங்குகிற ஒருவர் மொத்தக் கம்யூனிட்டியையும் கைப்பற்றலாம்.

அந்த சிம் உயிரோடு இருக்கவேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நிறுவனம் எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். கணக்கை 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் வாட்ஸ்அப் அதை அழித்துவிடும். முதன்மைக் கைப்பேசி தவிர நான்கு சாதனங்களில் அதே கணக்கைத் திறந்துவைக்கலாம். தலைவர், செயலாளர், அலுவலகக் கணினி என்று பிரித்துக்கொள்ள இது போதும். ஆனால் முதன்மைக் கைப்பேசியை 14 நாளுக்கு மேல் தொடாமல் இருந்தால் இணைத்த சாதனங்கள் எல்லாம் வெளியே தள்ளப்படும். மேசை இழுப்பறையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் சங்கக் கைப்பேசிக்கு அடிக்கடி நேர்வது இதுதான். வாரம் ஒருமுறை எடுத்துத் திறப்பது யார் என்று பெயர் குறித்துவிடுங்கள்.

அட்மின்கள் குறைந்தது மூன்று பேர். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் உடல்நலமில்லை என்றாலும் மூன்றாமவர் இருப்பார். ஏழெட்டுப் பேரை அட்மின் ஆக்குவதும் தவறு. ஒரே செய்தி இரண்டு விதமாகப் போகும்.

பழைய குரூப்பை அப்படியே கம்யூனிட்டிக்குள் சேர்க்க முடியும். சேர்த்ததும் அதிலிருப்பவர் அனைவரும் அறிவிப்புக் குரூப்பில் வந்துவிடுவார்கள். ஆகவே சேர்ப்பதற்கு முன்பே வீட்டு எண் வாரியாகப் பட்டியலைச் சரிபார்த்து, இங்கே இல்லாதவர்களை நீக்கிவிடுங்கள். புதியவர்கள் சேர அட்மின் ஒப்புதல் தேவை என்ற அமைப்பை இயக்கி, ஒப்புதலுக்கு முன் வீட்டு எண்ணையும், உரிமையாளரா வாடகைதாரரா என்பதையும் கேட்டு வாங்குங்கள். அழைப்பு லிங்க் வெளியாட்கள் கையில் போய்விட்டது என்று தெரிந்தால் அதை ரத்துசெய்து புது லிங்க் எடுக்கலாம். பழையது அன்றோடு செத்துப்போகும்.

ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பதால் இடப்பற்றாக்குறை பெரும்பாலான சங்கங்களுக்கு வராது. பிரச்சினை எப்போதும் குரூப்புகளின் எண்ணிக்கையில்தான். தெருவுக்கு ஒன்று, யோகாவுக்கு ஒன்று, மூத்தோருக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று பதினைந்து திறந்தால், எங்கே எதைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரும் எல்லாவற்றையும் மியூட் செய்வார்கள். அந்த வேகத்தில் அறிவிப்புக் குரூப்பும் மியூட் ஆகிவிடும். தொடக்கத்தில் நான்கு போதும்: தண்ணீர், மின்சாரம், சாலை பற்றிய புகார்களுக்கு ஒன்று; நிகழ்ச்சித் தொண்டர்களுக்கு ஒன்று; வாங்க விற்கவும் தொலைந்தது கிடைத்ததற்கும் சேர்த்து ஒன்று; நான்காவதாக அரட்டை. அரட்டைக் குரூப் வேண்டாம் என்று நினைக்கும் செயற்குழுக்கள் உண்டு. அது தவறான சிக்கனம். பேச ஓர் இடம் கொடுக்காவிட்டால் பேச்சு புகார் குரூப்புக்குள் கசியும், புகார் மறுபடி மூழ்கும்.

அறிவிப்பை எழுதுவது

இங்கேதான் ஒரு சங்கத்தின் திறமை தெரியும். கருவி எதுவாக இருந்தாலும் மோசமாக எழுதிய அறிவிப்பை அது காப்பாற்றாது.

கைப்பேசித் திரையில் அறிவிப்பின் முதல் ஒன்றிரண்டு வரிகள்தான் தெரியும். ‘அன்பார்ந்த குடியிருப்போர் அனைவருக்கும் சங்கத்தின் பணிவான வணக்கம்’ என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதும் வணக்கத்துக்கே போய்விடும். மரியாதை குறையாது, முதல் வரியில் விஷயத்தையும் நாளையும் வையுங்கள். வணக்கம் கடைசியில் வரட்டும்.

நாளைக் குறிப்பதில் தமிழுக்கே உரிய குழிகள் உண்டு. ‘வரும் சனி’, ‘அடுத்த சனி’ இரண்டும் ஒருவருக்கு ஒரே நாள், இன்னொருவருக்கு ஒரு வார வித்தியாசம். ‘நாளை’ என்று எழுதிய செய்தியை மறுநாள் ஒருவர் ஃபார்வர்டு செய்தால் அது பொய்யாகிவிடும். 05/04 என்று போட்டால் ஏப்ரல் ஐந்தா, மே நான்கா என்று வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் குழம்புவார்கள். 12 மணி என்றால் பகலா இரவா என்று எழுதுங்கள். மாதத்தின் பெயர், தேதி, கிழமை மூன்றும் சேர்ந்தே வரட்டும். அனுப்பும் முன் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாள்காட்டியில் ஒருமுறை பாருங்கள். பொருந்தாவிட்டால் அன்று முழுவதும் தொலைபேசி ஓயாது.

தண்ணீர் நிறுத்தத்துக்கு இப்படி ஒரு வடிவம் நன்றாக வேலைசெய்யும்:

தண்ணீர் நிறுத்தம்: மார்ச் 12, வியாழன், காலை 9:00 முதல் பிற்பகல் 2:00 வரை.
எங்கே: 3, 4, 5ஆம் தெருக்கள் முழுவதும். மற்ற தெருக்களில் தண்ணீர் வரும்.
ஏன்: மேல்நிலைத் தொட்டியின் வால்வு மாற்றம்.
செய்யவேண்டியது: காலை 8:30க்குள் பிடித்துவைக்கவும். திரும்ப வரும்போது முதலில் கலங்கலாக இருக்கலாம். தெளியும்வரை குழாயைத் திறந்துவிடவும்.
அடுத்த தகவல்: பிற்பகல் 1:00 மணிக்கு, வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

இதில் இரண்டு வரிகள் மற்ற எல்லாவற்றையும்விட உழைக்கும். ‘மற்ற தெருக்களில் தண்ணீர் வரும்’ என்ற வரி இல்லாவிட்டால் ஆறாம் தெருக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். கடைசி வரி அதைவிட முக்கியம். வேலை இழுத்துக்கொண்டு போனாலும், ஒரு மணிக்குச் சேதி வரும் என்று தெரிந்தவர் ஒரு மணிவரை காத்திருப்பார். அந்த ஒரு மணிச் சேதியை மட்டும் தவறவிடக் கூடாது. ‘இன்னும் முடியவில்லை, அடுத்த தகவல் 3:00 மணிக்கு’ என்ற ஒரு வரியே போதும். வேலை முடிந்ததும் முடிந்தது என்று ஒரு செய்தி. இதை மறப்பவர்கள் அதிகம்.

தவறு நேர்ந்தால் அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு திருத்த வழியில்லை. இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை அனைவருக்குமாக அழிக்கலாம் என்றாலும் அழிக்காதீர்கள். ஏற்கெனவே படித்தவர் தவறான நேரத்தையே மனதில் வைத்திருப்பார். அழிந்த செய்தி அவருக்கு எதையும் சொல்லாது. பழைய செய்தியை மேற்கோளாக இழுத்து, ‘திருத்தம்:’ என்று தொடங்கிப் புதிதாக எழுதுவதே நேர்மையான முறை.

முக்கியமான செய்தியைப் பின் செய்து மேலே நிறுத்தலாம். ஒரே நேரத்தில் மூன்று. கால அளவு 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்றே தேர்வுகள். தானாகத் தேர்வாகி இருப்பது 7 நாள். மூன்று வாரம் கழித்து நடக்கும் பொதுக்குழுவின் அறிவிப்பைப் பின் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால் எட்டாம் நாள் அது மறைந்திருக்கும். பின் செய்யும்போதே 30 நாளைத் தொடுங்கள்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பும் பழக்கத்தை விடவேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் சிக்காது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் கைப்பேசி அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது பொடி எழுத்துகள் கலங்கும். படம் அழகுக்கு இருக்கட்டும், விவரம் கீழே எழுத்தாகவும் இருக்கவேண்டும். படத்தின் தரம் குறையக் கூடாதென்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

அறிவிப்புக் குரூப்பில் வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அவசரம் இந்தக் கணக்கில் சேராது. வாழ்த்து, இரங்கல், செயற்குழு ஒருவருக்கொருவர் சொல்லும் நன்றி ஆகியவை அரட்டைக் குரூப்புக்கே உரியவை.

நிகழ்ச்சிகள்

கம்யூனிட்டியில் 2024இல் வந்த ‘ஈவென்ட்’ வசதி இதன் நல்ல பகுதிகளில் ஒன்று. பெயர், விவரம், நாள், நேரம், இடம், தேவையானால் அழைப்பு லிங்க் எல்லாம் ஒரே அட்டையில் அடங்கும். வருகிறேன், வரவில்லை என்று ஒரு தட்டில் பதில் சொல்லலாம். வருகிறேன் என்றவர்களுக்கு நாள் நெருங்கும்போது தானாக நினைவூட்டல் போகும். குரூப் விவரப் பக்கத்திலும் அது நிற்கும். 2025இல் ‘ஒருவேளை வரலாம்’ என்ற பதிலும், கூட ஒருவரை அழைத்துவரும் தேர்வும், முடியும் நேரமும் சேர்ந்தன.

குறை, அந்த நினைவூட்டல் பதில் சொன்னவர்களுக்குத்தான் என்பது. பதில் சொல்லாமல் மனதுக்குள் ‘போகலாம்’ என்று நினைத்தவர் பெரும்பாலும் மறந்துவிடுவார். அவருக்காக முந்தின நாள் மாலை ஒன்று, அன்று காலை ஒன்று என்று இரண்டு குறுஞ்சேதிகளை அட்மின் கையால் அனுப்பியாகவேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்ற எண்ணிக்கையையும் அப்படியே நம்பி நாற்காலி போடாதீர்கள். ‘வருகிறேன்’ என்று தட்டுபவர் வீட்டில் நாலு பேர் இருக்கலாம். தலைக்கணக்கு தேவைப்படும் நிகழ்ச்சிக்கு, பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று கேட்கும் சிறு கூகுள் படிவம்தான் சரி. படிவத்தில் கடைசி நாள் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அன்று இரவு ‘பதில்களை ஏற்பது’ அணைந்திருக்கிறதா என்று ஒருவர் பார்க்கவும் வேண்டும்.

மாதாமாதம் திரும்ப வரும் கூட்டம், வாராவாரம் வரும் குப்பை தரம்பிரிப்பு நாள், வருடாந்திர விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு ஈவென்ட் அட்டை போதாது. இங்கே கூகுள் காலண்டரைத் துணைக்கு அழைக்கவேண்டும். சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில், கணினி உலாவியில் திறந்து புதிய காலண்டர் ஒன்றை உருவாக்குங்கள்.  நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மாதக் கூட்டத்தை ‘ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை’ என்று ஒருமுறை பதிந்தால் வருடம் முழுவதும் நிரம்பிவிடும். பிறகு அமைப்புகளில் பொதுப் பார்வைக்குத் திறந்து, அந்த லிங்க்கைக் கம்யூனிட்டியின் விவரத்தில் ஒட்டுங்கள். செயற்குழுவில் இருவருக்கு மட்டும் நிகழ்வுகளை மாற்றும் உரிமை கொடுங்கள்.

ஐகால் முகவரியை, அதாவது காலண்டரை வேறு செயலிகளில் இணைக்க உதவும் லிங்க்கைக் கொண்டு வேறு காலண்டர் செயலியில் சந்தா சேர்ந்தவர்களுக்கு மாற்றம் உடனே போய்ச்சேராது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பது அந்தச் செயலியின் விருப்பம். பல மணி நேரம் ஆகலாம். ஆகவே கடைசி நேர ரத்து, இடமாற்றம் இரண்டையும் காலண்டரில் மாற்றிவிட்டு, அறிவிப்புக் குரூப்பிலும் எழுதுங்கள். இன்னொன்று: காலண்டரின் அமைப்புகள் பக்கத்தில் ‘ரகசிய முகவரி’ என்றும் ஒன்று இருக்கும். அதைத் தவறுதலாகப் பகிர்ந்துவிட்டால் அங்கேயே புதுப்பித்துப் பழையதைச் செல்லாததாக்கலாம். பொதுக் காலண்டரை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும் என்பதால் வாயிற்கதவின் எண், காவலாளியின் ஷிப்டு நேரம் போன்றவை அதில் ஒருபோதும் வரக்கூடாது.

திறந்தவெளி நிகழ்ச்சி எதுவானாலும் மழை வந்தால் என்ன என்ற வரி அறிவிப்பிலேயே இருக்கவேண்டும்: எங்கே மாறும், முடிவு எத்தனை மணிக்குத் தெரியும். காலை ஆறரைக்கு நிகழ்ச்சி என்றால் முடிவு முந்தின இரவே சொல்லப்படவேண்டும்.

வாக்கெடுப்பு, பொதுக்குழு, பதிவுகள்

வாட்ஸ்அப்பின் ‘போல்’ என்ற வாக்கெடுப்பு வசதியில் 12 தேர்வுகள் வரை வைக்கலாம். எந்த ஞாயிறு வசதி, எந்த நிறப் பெயின்ட் என்பது போன்றவற்றுக்கு நல்லது. சங்கத் தேர்தலுக்கும் சந்தா உயர்வுக்கும் கூடாது. யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். போட்ட வாக்கை மாற்றிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் மூன்று கைப்பேசி இருந்தால் மூன்று வாக்கு. வீட்டுக்கு ஒரு வாக்கு என்ற விதியை இதில் நிலைநாட்ட வழியே இல்லை.

பொதுக்குழு அறிவிப்பில் கூடுதல் கவனம் வேண்டும். எத்தனை நாளுக்கு முன், எந்த வழியில் அறிவிக்கவேண்டும் என்று சங்கத்தின் விதிமுறைகளில் எழுதியிருக்கும். அங்கே தபால் அல்லது நேரில் கையொப்பம் என்று இருந்தால் வாட்ஸ்அப் செய்தி கூடுதல் நினைவூட்டல் மட்டுமே. அதை நம்பி நடத்திய கூட்டத்தின் தீர்மானத்தை ஒருவர் எதிர்த்தால் சங்கம் திணறும். விதியைத் திருத்தி மின்வழி அறிவிப்பையும் சேர்த்துக்கொள்வது ஒரு முறை செய்யவேண்டிய வேலை. நிகழ்ச்சி நிரல், வரவு செலவு அறிக்கை, முந்தைய கூட்டத்தின் குறிப்பு மூன்றையும் பிடிஎஃப் ஆக இணைத்து அனுப்புங்கள்.

இங்கேதான் வாட்ஸ்அப்பின் பெரிய பலவீனம் வெளிப்படுகிறது. உட்குரூப்பில் புதிதாகச் சேருபவருக்கு முன்பு நடந்த பேச்சு தானாகக் கிடைப்பதில்லை. கைப்பேசி மாற்றும்போது காப்புநகல் எடுக்காதவர்களுக்குப் பழையது போய்விடும். மறையும் செய்திகள் வசதி இயக்கத்தில் இருந்தால் 24 மணி, 7 நாள் அல்லது 90 நாளில் எல்லாமே அழியும். இரண்டு வருடத்துக்கு முன் வண்டி நிறுத்தும் இடம் பற்றி என்ன தீர்மானம் போட்டோம் என்று கேட்டால், அரட்டைக்குள் விரல் தேயத் தேடவேண்டியதுதான். ஆகவே கோப்பு எதுவும் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கக் கூடாது. சங்கக் கணக்கின் கூகுள் டிரைவில் வருட வாரியாகக் கோப்புறை போட்டு, கோப்பின் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள்: ‘2026-03-14 பொதுக்குழு குறிப்பு’. இந்த வரிசையில் வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். 14-03-2026 என்று வைத்தால் கலைந்துபோகும். வாட்ஸ்அப்பில் போடவேண்டியது லிங்க் மட்டும்.

பிடிஎஃப் யூனிகோடு எழுத்துருவில் தயாராகவேண்டும். பழைய முறை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது அச்சில் தமிழாகத் தெரியும். தேடினாலோ நகலெடுத்தாலோ பொருளற்ற ரோமன் எழுத்துகள்தான் வரும். அச்சகத்திலிருந்து வரும் கோப்பில் ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு

எவ்வளவு நல்ல கம்யூனிட்டி அமைத்தாலும் சில வீடுகள் வெளியே நிற்கும். பெரும்பாலும் தனியாக வாழும் முதியவர்கள். தண்ணீர் நிற்கும் சேதி மற்றவர்களைவிட இவர்களுக்கே அவசியம். அந்த வீடுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான் மிக நம்பகமான வழி. எந்தச் செயலியும் இதற்கு ஈடில்லை.

எஸ்எம்எஸ் அனுப்புவதானால் தமிழுக்கு இடம் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. தமிழில் 70 குறியீடுகள். நீண்டு பல பகுதியாகப் பிரிந்தால் பகுதிக்கு 67. மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும் என்பதால் ‘மாதக் கூட்டம்’ என்பது கண்ணுக்கு ஏழு எழுத்தானாலும் கணக்கில் இடைவெளியோடு 13. ஆகவே விஷயம், தெரு, நாள், நேரம் தவிர வேறெதற்கும் அதில் இடமில்லை.

அறிவிப்புப் பலகையைக் கைவிடவேண்டாம். ஏ4 தாளில் பத்து வரிக்கு மேல் போகாமல், தலைப்பு எழுத்து சுமார் 25 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் மூன்று மீட்டர் தள்ளி நின்றும் சிரமமின்றிப் படிக்கலாம். காலண்டர் லிங்க்குக்குக் கியூஆர் கோடு ஒட்டுவது நல்ல யோசனை. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது நடைமுறைக் கணக்கு: அரை மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை விளிம்பு கட்டாயம். லிங்க்கில் தமிழ்ச் சொல் இருந்தால் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். கட்டங்கள் பொடியாகி ஸ்கேன் ஆகாமல் போகும். லிங்க் குட்டையாகவும் ரோமன் எழுத்திலும் இருக்கட்டும். வெயில் படும் பலகையில் இங்க்ஜெட் அச்சு சீக்கிரம் வெளுக்கும். லேசர் அச்சு தாங்கும். ஒவ்வொரு தாளிலும் ‘எடுக்கவேண்டிய நாள்’ என்று மூலையில் எழுதுங்கள். பழைய தாள்கள் மண்டிய பலகையை யாரும் பார்ப்பதில்லை.

மின்னஞ்சல் மாதச் செய்திமடலுக்கு ஏற்றது, அவசரத்துக்கு அல்ல. இலவச ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பெறுநர் என்பது வரம்பு. முகவரிகளை மறைநகலில்தான் (பிசிசி) போடவேண்டும். ஒருமுறை மறந்தாலும் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் போய்விடும்.

எழுதக் கூடாதவை

சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புக் குரூப்பில் போடுவது பணத்தையும் வசூலிக்காது, உறவையும் கெடுக்கும். அதைத் தனிச்செய்தியாக அனுப்புங்கள். யார் வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பது காவலாளிக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரியவேண்டியது. கண்காணிப்புக் கேமராவில் பதிந்த முகத்தை ‘இவர்தான் திருடர்’ என்று பகிர்வது மிக ஆபத்து. வேலைக்கு வந்த அப்பாவி ஒருவரின் பிழைப்பே போகலாம். பதிவைக் காவல்துறையிடம் கொடுத்துவிட்டு, குரூப்பில் நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றிப் போடாதீர்கள்.

யாருக்கு எது

முப்பது நாற்பது வீடு உள்ள சங்கத்துக்குக் கம்யூனிட்டி தேவையில்லை. அட்மின் மட்டும் எழுதும் ஒரு குரூப், பேசுவதற்கு இன்னொன்று, ஒரு பொதுக் காலண்டர். இதிலேயே எல்லாம் நடக்கும். நூறு வீட்டுக்கு மேல் போனால், அல்லது வாடகைதாரர்கள் அடிக்கடி மாறும் பகுதியானால், கம்யூனிட்டி அதற்காக நாம் போடும் உழைப்பைத் திருப்பித் தரும். வாட்ஸ்அப் சேனல் எல்லோரும் பார்க்கும் பொதுவெளி. சங்க விஷயத்துக்கு அது பொருந்தாது.

செயற்குழு மாறும் நாளில் கைமாற்றவேண்டியவை: சங்க சிம்மும் கைப்பேசியும், இரட்டைச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண், சங்க மின்னஞ்சலின் கடவுச்சொல், காலண்டரிலும் டிரைவிலும் மாற்றும் உரிமை. புதியவர்களை அட்மின் ஆக்கி, அவர்கள் சோதனையாக ஓர் அறிவிப்பு அனுப்பிப் பார்த்த பிறகே பழையவர்களை இறக்கவேண்டும். இணைத்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து பழையவர்களின் கணினிகளை நீக்குங்கள். ஆறு இலக்க எண்ணையும் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.